காணும் பொங்கலுக்குப் பழவேற்காடு போறீங்களா?

போன வாரம் ஆபீஸ்ல அடுத்த வருஷத்துக்கான ஹாலிடே லிஸ்ட் மெயில் வந்துச்சு. எங்க டீம்ல அந்த மெயில் வந்த பத்தாவது நிமிஷம் ஒரு எக்ஸெல் ஷீட்டும் வந்துடும். எந்த லீவு வியாழக்கிழமை விழுது, எந்த வெள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டா நாலு நாள் சேர்ந்து கிடைக்கும், எந்த ஊருக்குப் போகலாம்னு கலர் கலரா அடிச்சு ஒருத்தர் அனுப்பிடுவார். இதுல பாதி அக்கறையோட ப்ராஜெக்ட் ப்ளான் போட்டிருந்தா எங்க ரிலீஸ் ஒரு தடவையாவது சொன்ன தேதிக்குப் போயிருக்கும். சரி, அது வேற புலம்பல்.

இந்தத் தடவை ஷீட்ல பச்சைக் கலர்ல ஒரு வரி. "காணும் பொங்கல் - பழவேற்காடு ஐலண்ட் ட்ரிப் - போட் ரைட், ஃபிளமிங்கோ, மீன் சாப்பாடு - 18 பேர்." பக்கத்து கட்டத்துல என் பேர். நான் மீஞ்சூர்க்காரனாம், அந்தப் பக்கம் எனக்கு ஆள் தெரியுமாம், அதனால படகு ஏற்பாடு என் பொறுப்பாம்.

முடியாதுன்னுட்டேன். அன்னியிலிருந்து டீம்ல எனக்குப் பேரு 'பூமர் அங்கிள்'. இருபத்தெட்டு வயசுல இந்தப் பட்டம் :-( ஏன் முடியாதுன்னு லஞ்ச் டேபிள்ல அஞ்சு நிமிஷத்துல சொல்லிப் பார்த்தேன், எடுபடலை. அதான் இங்க வந்து எழுதறேன். நீங்கதான் பொறுமையா படிப்பீங்க, உங்களுக்கு வேற வழியில்லை.

முதல்ல என் பாவத்தைச் சொல்லிடறேன். 2018 காணும் பொங்கல் அன்னிக்கு, காலேஜ்ல படிச்சிட்டிருந்தப்ப, நாங்க பதினோரு பேர் பழவேற்காடு போனோம். பொன்னேரியிலிருந்து பஸ்ல நசுங்கி, இறங்கினா ஊரே தலைகளா இருக்கு. கரையில ஒரு ஃபைபர் படகு. அதுல ஏற்கெனவே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது, மடியில குழந்தையோட. நாங்களும் ஏறினோம். படகு விளிம்புக்கும் தண்ணிக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தா அதிகம். லைஃப் ஜாக்கெட்னு ஒரு பொருள் கண்ணுலயே படலை, நாங்க கேட்கவும் இல்லை. படகுக்காரர் "முகத்துவாரம் வரைக்கும் வேணாம்பா, தண்ணி இழுக்குது"ன்னார். கூட அம்பது ரூபா தர்றோம்னு பேரம் பேசினது யாரு? அடியேன்தான். அவரும் யோசிச்சிட்டுப் போனார். முகத்துவாரத்துக்கிட்ட படகு ஒரு பக்கமா சாய்ஞ்சப்ப எல்லாரும் ஓன்னு கத்தினோம், சந்தோஷமா. அந்தக் குழந்தையோட அம்மா மட்டும் கத்தலை.

திரும்பி வந்து போட்டோ எல்லாம் போட்டு லைக் வாங்கியாச்சு. என்கூட பொன்னேரியில பள்ளிக்கூடத்துல படிச்சவன் ஒருத்தன் ஏரிக்கரை குப்பத்துல இருக்கான். அவன்கிட்ட பெருமையா சொன்னேன். அவன் சிரிக்கலை. "உனக்கு 2011 தெரியாதாடா?"ன்னு மட்டும் கேட்டான்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ். ஞாயித்துக்கிழமை வேற. பழவேற்காட்டுல சுத்திப்பார்க்க வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனாங்க. பெண்கள், குழந்தைகள் எல்லாம் அதுல. அப்ப நான் ஒன்பதாவது படிச்சிட்டிருந்தேன். எங்க ஊருக்கு அடுத்த ஊர்ல நடந்தது, பேப்பர்ல பார்த்திருக்கேன், ஆறு வருஷத்துல சுத்தமா மறந்திருக்கேன். அதே தண்ணியில அம்பது ரூபாய்க்குப் பேரம் பேசியிருக்கேன்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். (எஞ்சினியரிங் படிச்சவன் பஞ்சாங்கம் பார்க்கலாமான்னு கேக்காதீங்க, சந்திரன் எங்க இருக்குன்னு அதுலயும் சரியாத்தான் போட்டிருப்பாங்க.) 2011 டிசம்பர் 24 ராத்திரி அமாவாசை. அதாவது விபத்து நடந்தது அமாவாசைக்கு மறுநாள். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டின நாட்கள்ல கடல் ஏத்தமும் வத்தமும் அதிகமா இருக்கும்கிறது பள்ளிக்கூடப் பாடம். பழவேற்காடு மாதிரி ஒரு ஏரியில அதுக்கு என்ன அர்த்தம்னா, அவ்வளவு பெரிய பரப்புல ஏறின தண்ணி மறுபடி வடியறதுக்கு இருக்கிற வாசல் ஒரு குறுகலான முகத்துவாரம். உள்ளேருந்து தண்ணி வெளியே இழுக்கும், வெளியேருந்து அலை உள்ளே தள்ளும். ரெண்டும் மோதற இடத்துலதான் நமக்கு செல்ஃபி வேணும்.

அமாவாசையாலதான் படகு கவிழ்ந்துச்சுன்னு நான் சொல்ல வரலை. படகுல எத்தனை பேர், பாதுகாப்பு இருந்துச்சா, யார் விட்டது, இதெல்லாம்தான் முதல் கேள்வி. நான் சொல்றது இவ்வளவுதான்: எங்க டீம் எக்ஸெல் ஷீட்ல கிழமைக்கு ஒரு காலம் இருக்கு, பட்ஜெட்டுக்கு ஒண்ணு இருக்கு, வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு கூட ஒண்ணு இருக்கு. சந்திரனுக்குக் கிடையாது. ஏரியில இருக்கிறவனுக்கு அதுதான் முதல் காலம்.

நம்ம லீவு லிஸ்ட் தலைமைச் செயலகத்துல தயாராகறது. அதை அப்படியே தூக்கிட்டுப் போய் ஒரு ஏரி மேல போர்த்தப் பார்க்கிறோம். அந்த ஏரியே ரெண்டு ஸ்டேட்டுக்கு நடுவுல கிடக்கு, பெரும்பகுதி ஆந்திராவுல. தெக்கே நமக்குப் பொங்கல், மாட்டுப் பொங்கல்னா, வடக்கே சூலூர்பேட்டை பக்கம் சங்கராந்தி, கனுமா. ஆனா நிஜமான காலண்டர் இது எதுவும் இல்லை.

'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு பழவேற்காட்டுல. ஏரியில இறால் நல்லா படற இடங்களைக் குப்பங்களுக்குள்ள பங்கு பிரிச்சு, அதுலயும் ஆளாளுக்கு முறை வச்சு, இன்னிக்கு இந்த இடத்துல யார் வலை கட்டறதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிறாங்க. தலைமுறை தலைமுறையா நடக்கிற விஷயம். நம்ம ஆன்-கால் ரோஸ்டர் மாதிரின்னு வச்சுக்கங்களேன், என்ன ஒண்ணு, எங்க கம்பெனி ரோஸ்டரைவிட ஒழுங்கா நடக்குது. முறை வந்த அன்னிக்குப் போகலைன்னா போச்சு, அடுத்த முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நாம லீவுன்னு கும்பலா போய் இறங்கற நாள் ஒருத்தரோட பாடு நாளா இருந்தா? வலையா, சவாரியான்னு அவர் முழிக்கணும். எதை விட்டாலும் நஷ்டம்.

அப்புறம் ராக்கெட். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டாவும் ஒரு தீவுதான், என்ன, நினைச்சப்ப போக முடியாத தீவு. (2019-ல் திறந்த பார்வையாளர் கேலரிக்கு முன்பதிவு பண்ணிட்டு ஏவுதலைப் பார்க்கப் போகலாம். அது நல்ல ஏற்பாடு.) ராக்கெட் ஏவற நாள்ல பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிடுவாங்க. சந்திரயான்-2 ஞாபகம் இருக்கா? 2019 ஜூலை 15 விடிகாலையில கவுண்ட்டவுன் 56 நிமிஷம் இருக்கறப்ப நிறுத்திட்டு, ஜூலை 22-ல் ஏவினாங்க. நாம டிவி முன்னாடி ஒரு ராத்திரி தூக்கத்தை விட்டோம், அவ்வளவுதான். கரையில இருக்கிறவனுக்குத் தள்ளிப்போற ஒவ்வொரு ஏவுதலும் இன்னொரு நாள் கூலி. இந்த நாளெல்லாம் எந்த ஹாலிடே லிஸ்ட்லயாவது இருக்கா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரெக்டா நம்ம பிள்ளைங்களோட பெரிய லீவு அது. அப்ப போய் நின்னுக்கிட்டு "என்னங்க மீன் இவ்ளோ விலை சொல்றீங்க"ன்னு கேக்கறவங்களை நானே பார்த்திருக்கேன். ஃபிளமிங்கோ, அதான் நம்ம பூநாரை, அதைத் தேடி மே மாசம் வந்து ஏமாந்து போறவங்களும் உண்டு. அது குளிர்காலத்து விருந்தாளிங்க. அதையும் படகுல துரத்திக்கிட்டு போய்த்தான் பார்க்கணும்னு இல்லை. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போகும். சீசன்ல அங்க ஓரமா வண்டியை நிறுத்தினா ரெண்டு பக்கமும் அதுங்க பாட்டுக்குத் தலைகீழா அலகை வச்சு மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும். நம்மளைக் கண்டுக்காது. அதுதான் அழகே.

இனிமேதான் திருவிழா. நம்ம ஆளுங்க ட்ராவல் ப்ளான் போடறப்ப 'லோக்கல் ஃபெஸ்டிவலும் கவர் பண்ணிடலாம்'னு ஒரு வரி சேர்த்துடறாங்க. கவர் பண்றதுன்னா என்ன? மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வந்து தீர்த்தவாரி ஆடறது இந்தக் கரையில பெரிய நாள். அரசாங்க லீவு லிஸ்ட்ல தேடிப் பாருங்க, இருக்காது. ஆடியில அம்மனுக்குக் கூழ் ஊத்தறதும் அப்படித்தான். என் நண்பன் குப்பத்துல திருவிழாவுக்குக் காப்பு கட்டிட்டா யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது, மீறினா ஊருக்குத் தண்டம் கட்டணும். அந்த நாள்ல போய் "அண்ணே, படகு வருமா?"ன்னு கேட்டா, ஒரு மனுஷனை சாமிக்கும் ரெண்டாயிரம் ரூபாய்க்கும் நடுவுல நிறுத்தறோம்னு அர்த்தம். பக்கத்துலயே மாதா கோயில் குப்பங்கள் இருக்கு. அவங்களுக்குக் கிறிஸ்துமஸ்தான் வருஷத்துல வீட்டோட இருக்கற நாள். நமக்கு அது லாங் வீக்கெண்ட். டவுன் பக்கம் பழைய பள்ளிவாசல்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துல போய் கடை ஏன் சாத்தியிருக்குன்னு சலிச்சுக்கறவங்க இருக்காங்க. டிசம்பர் 26-ஐயும் சேர்த்துக்கங்க. 2004-ல சுனாமி வந்த நாள். நம்ம கரையில பல குப்பங்கள்ல அன்னிக்குக் கடல்ல பால் ஊத்தி, பூ தூவி அழுவாங்க. நாம கிறிஸ்துமஸுக்கு மறுநாள் 'போஸ்ட் பார்ட்டி' பீச்ல கொண்டாடப் போவோம்.

இதுக்கு எங்க டீம் லீட் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. "நாம போகலைன்னா அந்தப் படகுக்காரருக்கு வருமானம் போயிடாதா? வருஷத்துல நாலு நாள்தான் அவருக்குக் கூட்டம். நீ அவருக்கு நல்லது பண்றேன்னு வயித்துல அடிக்கிறே." ரெண்டு நாள் யோசிச்சேன். அவர் சொல்றது தப்பில்லை. ஏரியில மீன் குறைஞ்சு போச்சுன்னு நண்பனோட அப்பாவே புலம்புவார். காணும் பொங்கல் அன்னிக்கு ஒரு படகு எத்தனை நடை அடிக்குதோ, அதுதான் அந்த வீட்டுப் பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸ். 2011-க்கு அப்புறம் சவாரிக்குத் தடை போட்டாங்க. 2018-ல நான் ஏறிப் போனது தடை இருக்கறப்பதான், அது எனக்கு அப்ப தெரியவும் தெரியாது. தடை போட்டதால சவாரி நிக்கலை. எத்தனை பேர் ஏறினாங்கன்னு எண்ணறதும், ஜாக்கெட் இருக்கான்னு பார்க்கறதும்தான் நின்னு போச்சு. மறைவா நடக்கிற வியாபாரத்துல யார் ரசீது குடுப்பா?

என்னைக் கேட்டா இதை அந்தந்தக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்து கையில குடுத்துடணும். பாடு முறையை இத்தனை தலைமுறையா சண்டை இல்லாம, சரி, பெரிய சண்டை இல்லாம நடத்தறவங்களுக்கு, இருபது படகுக்கு முறை வச்சு ஓட்டத் தெரியாதா? எந்த நாள் ஓடும், எந்த நாள் ஓடாது, படகுக்கு எத்தனை பேர், முகத்துவாரம் பக்கம் போகலாமா, இதை அவங்க சொல்லட்டும். அரசாங்கம் ஜாக்கெட்டும் லைசென்சும் குடுத்து மேற்பார்வை பார்க்கட்டும். அமாவாசையா, ஊர்த் திருவிழாவா, மூடியிருக்கா, நாம அன்னிக்கு வேற வேலையைப் பார்ப்போம்.

இது ஒண்ணும் உலகத்துல நடக்காத விஷயம் இல்லை. பாலித் தீவுல நியெப்பின்னு ஒரு நாள், அவங்க சகா ஆண்டோட புதுவருஷம். அன்னிக்கு 24 மணி நேரம் தீவே மௌனம். ஏர்போர்ட்டையே மூடிடுவாங்க. டூரிஸ்ட் எவ்வளவு டாலர் வச்சிருந்தாலும் ஹோட்டலை விட்டு வெளியே வரக் கூடாது, லைட்டைக் கூட அடக்கித்தான் போடணும். டூரிசத்தையே நம்பி இருக்கிற தீவு அது. ஒரு நாள் மூடினதால பாலிக்குக் கூட்டம் குறைஞ்சு போயிடலை. சொல்லப் போனா நியெப்பிக்குன்னே ப்ளான் போட்டுப் போறவங்க இருக்காங்க.

அவ்வளவு தூரம் ஏன், கச்சத்தீவை எடுத்துக்கங்க. நம்ம ஊர்லயிருந்து திருவிழாவுக்கு மட்டும்தான் போக முடியுற தீவு. அந்தோணியார் கோயில் திருவிழா, ரெண்டு நாள், பிப்ரவரி இல்லைன்னா மார்ச்ல வரும். ராமேஸ்வரத்துல பேர் பதிவு பண்ணி, தலையை எண்ணி, சோதனை போட்டுத்தான் படகுல ஏத்துவாங்க. அங்கயும் ஓட்டறது மீனவர்களோட படகுதான். 2024-ல இலங்கைச் சிறையில இருந்த சக மீனவர்களுக்காக ராமேஸ்வரம் மீனவர்கள் அந்தத் திருவிழாவையே புறக்கணிச்சாங்க. படகு இல்லை, அதனால பயணமும் இல்லை. பக்தியோட பதிவு பண்ணிக் காத்திருந்தவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும். ஆனா படகு யாரோடதோ, அவங்க துக்கத்துக்கு அன்னிக்கு முதல் இடம். எனக்கு அது சரின்னுதான் படுது. உங்களுக்கு வேற கருத்து இருந்தா சொல்லுங்க, சண்டை போடலாம்.

பழவேற்காட்டுக்கே போகாதீங்கன்னு நான் சொல்லலை. படகு ஏறாமலே ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம் அங்க. டச்சுக்காரங்க 1613-ல கட்டின கெல்ட்ரியா கோட்டை இன்னிக்கு வெறும் மேடும் புதரும்தான், ஆனா அவங்க கல்லறை நல்லா இருக்கு. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூட்டைக் கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க, ஒரு தடவை பார்த்தா மறக்க மாட்டீங்க. மெட்ராஸுக்கு முன்னாடியே இந்தக் கரையோட தலைநகரா டச்சுக்காரங்க இந்த ஊரைத்தான் வச்சிருந்தாங்க, அதைச் சொன்னா டீம்ல யாரும் நம்பலை. பாலத்துல ஏறினா ரோட்டு வழியாவே லைட் ஹவுஸ் குப்பம், அங்கயே கடல். காலையில ஏலம் நடக்கறப்ப போனா மடவையும் நண்டும் இறாலும் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும், கடையில குடுத்தா சமைச்சும் தருவாங்க. ஒரே ஒரு நிபந்தனை, சாதாரண நாள்ல போங்க. செவ்வாய், புதன் மாதிரி. லீவு லிஸ்ட்ல இல்லாத ஒரு நாள்.

இதைத்தான் அந்த எக்ஸெல் ஷீட்லயே என் பேருக்குப் பக்கத்துல எழுதி அனுப்பினேன். 'காணும் பொங்கல்'னு இருந்ததை அடிச்சுட்டு, பிப்ரவரியில ஒரு செவ்வாய்க்கிழமை, அமாவாசையும் இல்லாத பௌர்ணமியும் இல்லாத நாளாப் பார்த்துப் போட்டேன். நண்பனுக்கும் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டேன். "அன்னிக்கு எங்க ஊர்ல ஒண்ணும் இல்லடா, வா"ன்னான். பதினெட்டு பேர்ல பதினஞ்சு பேர் "செவ்வாய்க்கிழமைக்கு எவன்டா லீவு குடுப்பான்"னு கழண்டுக்கிட்டாங்க. அவங்க காணும் பொங்கலுக்கு மகாபலிபுரம் போறாங்களாம். மிச்சம் மூணு பேர், என்னையும் சேர்த்து. இன்னொருத்தர் டீம் லீட். ஆச்சரியம்தான், ஆனா அவர்தான் லீவு அப்ரூவ் பண்றவர்ங்கிறதால அவருக்குப் பிரச்சினை இல்லை :-)

பி.கு: நண்பன் ஆடித் திருவிழாவுக்கும் கூப்பிட்டிருக்கான். "கேமராவை வீட்டுல வச்சுட்டு வா, கூழுக்கு சொம்பு எடுத்துட்டு வா"ன்னு உத்தரவு.